தொடும் இடங்கள்

மோட்டார்சைக்கிளின் முகப்பில் பிறகு வாங்கிப் பூட்டும் ஃபேரிங் என்னும் காற்றுக் கவசம் தரமானதா என்று அறிய அதன் வண்ணத்தையோ வளைவையோ பார்க்க வேண்டியதில்லை. அது வண்டியைத் தொடும் ஐந்தாறு இடங்களைப் பார்த்தால் போதும். அங்கே ரப்பர் இருக்கிறதா, துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கிறதா, தகடு வலிந்து இழுக்கப்படாமல் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மலிவான பிளாஸ்டிக்கும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்தாலும் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் துளையின் ஓரத்தில் மயிரிழைக் கீறல் ஒன்று தொடங்கிவிடும். பிறகு அது நிற்காது.

தாசேக் கெலுகோரில் இருந்துகொண்டு இதைப் பேசக் காரணம் உண்டு. பினாங்கு என்றதும் வெளியூர்க்காரர்கள் தீவையும் ஜார்ஜ் டவுன் தெருக்களையும் நினைக்கிறார்கள். எங்கள் ஊர் கடலின் இந்தப் பக்கம், வட செபராங் பிறையின் உட்பகுதியில் இருக்கிறது. சுற்றிலும் ரப்பராக இருந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று செம்பனை. தோட்டத்து லயங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள் பால்மரக் கத்தியைத் தொடவில்லை. பிறையிலும் தீவிலுள்ள பாயான் லெப்பாஸிலும் தொழிற்சாலைக்குப் போனார்கள். பாயான் லெப்பாஸ் தாராள வணிக வலயம் 1972-இல் தொடங்கியது. பினாங்குப் பாலம் 1985-இல் திறந்தது. இந்த இரண்டுக்கும் பிறகு, விடியுமுன் கிளம்பிக் கடல் தாண்டி வேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு வாழ்க்கை இங்கே உருவானது. எங்கள் ஊரில் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் அந்தத் தடம் பட்டர்வொர்த்தில் முடிந்துவிடும். தொழிற்சாலை கடலுக்கு அப்பால். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு மோட்டார்தான் கால்.

அந்த மோட்டார் முதலில், கப்சாய் என்று நாங்கள் சொல்லும் கப் வகைச் சிறு வண்டியாக இருந்தது. ஹோண்டா 1958-இல் ஜப்பானில் சூப்பர் கப் வண்டியை வெளியிட்டபோது, முன்னால் கால்களை மறைக்கும் அகலமான கவசத்தை பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் வார்த்தது. அந்த அளவுள்ள வண்டி உறுப்பைப் பிளாஸ்டிக்கில் செய்வது அன்று துணிச்சலான காரியம். சேறும் மழையும் எதிர்காற்றும் ஓட்டுகிறவரின் முழங்காலில் விழாமல் அது தடுத்தது. 2017-இல் அந்த வண்டி வரிசையின் உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. உலகில் அதிகம் பேருக்குப் பயன்பட்ட காற்றுக் கவசம் எது என்று கேட்டால், பந்தய வண்டிகளின் பளபளப்பான முகப்புகளை நான் சொல்ல மாட்டேன். இந்தக் கால் கவசத்தைத்தான் சொல்வேன். ரப்பர்ப் பால் வாளியை மாட்டிக்கொண்டு செம்மண் தடத்தில் போன தலைமுறை அதன் அருமையை அறியும். அடுத்த தலைமுறை அதைக் கழற்றி வீட்டுக் கொல்லையில் போட்டது. வண்டி மெலிந்து தெரிய வேண்டும் என்ற ஆசை அது. பிறகு கவர்செட் காலம் வந்தது. ஒவ்வொரு பேனலையும் வேறு வண்ணத்தில் வாங்கி மாற்றினார்கள்.

நான் சொல்ல வருவது அதற்கும் அடுத்த கட்டம். பக்கத்து மாநிலமான கெடாவில், குருண் நகரில் மொடெனாஸ் தொழிற்சாலை இருக்கிறது. இந்தியாவின் பஜாஜ் நிறுவனத்தோடு கைகோத்து அது 2017-இல் பல்சர் என்எஸ்200 வண்டியை மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. சம்பளம் வாங்கத் தொடங்கிய நம் பையன்கள் பலர் அதில் ஏறினார்கள். என் அக்காள் மகனும் ஒருவன். நெடுஞ்சாலைக்கு ஏற்ற எஞ்சின். ஆனால் முன்னால் மறைப்பு கிடையாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் நெஞ்சில் அழுத்தும் காற்று, 90 கிலோமீட்டரில் இரண்டேகால் மடங்காகிறது. வேகம் கூடக் கூட அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் காற்றின் தடை கூடும். அதைத் தள்ளிப் போக எஞ்சினுக்கு வேண்டிய திறனோ மும்மடிக்கு ஏற்பக் கூடும். எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ நின்றபடி வேலை செய்த உடம்பு, வீடு திரும்பும் வழியில் காற்றோடு ஒரு மல்யுத்தம் நடத்துகிறது. கழுத்தும் தோளும் முதலில் சோரும். பிறகு கவனம் சோரும். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள் என்பதை நினைத்தால், இந்தச் சோர்வு சின்ன விஷயமில்லை.

ஆக, அரை ஃபேரிங் ஒன்றை அக்காள் மகன் வாங்கினான். பெட்டி வந்தது. உள்ளே முகப்புக் கூடு, கண்ணாடிபோல் ஒரு பிளாஸ்டிக் திரை, வளைத்துத் துளையிட்ட ஓர் இரும்புப் பட்டை, ஒரு பொட்டலம் ஸ்க்ரூ, இரண்டு தாள் நிறைய ஸ்டிக்கர். எதை எங்கே பூட்டுவது என்று சொல்லும் துண்டுத்தாள் கூட இல்லை. எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று மட்டும் பெட்டியின் மேல் எழுதியிருந்தது. எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவது உண்மையில் எந்த வண்டிக்கும் பொருந்தாது. பொருத்துகிற வேலையை வாங்குகிறவன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் அதற்குப் பொருள்.

ஊர்ப் பட்டறை ஒன்றில் அதைப் பூட்டியவர் ஐம்பதைத் தாண்டியவர். பையன் ஆர்வத்தில் முதல் போல்ட்டை எடுத்து முறுக்கப் போனான்.

“தம்பி, இறுக்காத. மொதல்ல எல்லாத்தையும் தொங்க விடு.”

“ஆடுதே அண்ணே?”

“ஆடட்டும். எங்க போயி உக்காரணும்னு அதுவே காட்டும்.”

அதன் பிறகு ஒரு மணி நேரம் எதையும் இறுக்காமல் வேலை நடந்தது. தையல்காரர் முதலில் நூலோட்டிப் போட்டுப் பார்ப்பதைப் போல, எல்லா போல்ட்டையும் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றிவைத்தார். ஹேண்டிலை இடக்கோடி வரை திருப்பினார், வலக்கோடி வரை திருப்பினார். பிடிகளோ கிளட்ச் நெம்புகோலோ கூட்டில் எங்கே இடிக்கிறது என்று பார்த்து மறைப்புநாடா ஒட்டிக் குறித்தார். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை அழுத்தச் சொன்னார். முன் ஃபோர்க் கீழே இறங்கும்போது சக்கரத்தின் மட்கார்டுக்கும் கூட்டுக்கும் இடையே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று விரல் வைத்து அளந்தார். பையனை ஏறி உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் திரும்பவும் பார்த்தார். வண்டி நிற்கும்போது இருக்கும் வடிவம் வேறு. ஆள் ஏறி, குழியில் இறங்கி, திரும்பும்போது இருக்கும் வடிவம் வேறு. பெட்டிக்குள் வந்த கூடு அந்த முதல் வடிவத்தை மட்டும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது.

துளைகள் நேராக வரவில்லை. வலப்பக்கம் அரை விரல் அளவு தள்ளியிருந்தது. பெரும்பாலான கைகள் இந்த இடத்தில் தகட்டை இழுத்து வளைத்து போல்ட்டை ஏற்றிவிடும். பிளாஸ்டிக் அப்போதைக்கு இணங்கும். ஆனால் அந்த இழுவிசை அதற்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு இரவும் பகலும் அதன்மேல் ஏறுகிறது. அவர் பழைய துளையை உள்பக்கம் ஒட்டுக் கொடுத்து அடைத்துவிட்டு, தகடு தானாக நிற்கும் இடத்தில் புதிய துளை போட்டார். உருளை அரத்தால் அதன் விளிம்பை மழுக்கினார். கூரான விளிம்பிலிருந்துதான் கீறல் பிறக்கும் என்பதால் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு வேறு.

துளையைப் பெரிதாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வெயிலுக்கு அது முக்கியம். ஏபிஎஸ் பிளாஸ்டிக் சூட்டில் இரும்பைப்போல் ஆறேழு மடங்கு விரிகிறது. விடியற்காலைக் குளிரில் இருந்த தகடு, தொழிற்சாலை வாசலில் நண்பகல் வெயிலில் நின்று முப்பது டிகிரி கூடுதலாகச் சூடானால், அறுபது சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். போல்ட்டோடு ஒட்டிய துளையில் அந்த நீட்சிக்குப் போக இடமில்லை. அதனால்தான் துளைக்குள் ஒரு ரப்பர் புஷ்ஷும் அதற்குள் ஓர் உலோகக் காலரும் வேண்டும். போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது காலரின் மேல் இறுகும், பிளாஸ்டிக்கை நசுக்காது. ரப்பர் அதிர்வை வாங்கிக்கொள்ளும். தகடு ரப்பருக்குள் மிதந்தபடி நிற்கும். கட்டைவிரல் நகத்தளவு உள்ள இந்த இரண்டு பொருள்களும் அந்தப் பெட்டியில் இல்லை. பழைய வண்டி ஒன்றின் பக்கத் தகட்டிலிருந்து அவர் எடுத்துப் போட்டார். போல்ட் கழன்றுவிடாமல் இருக்க ஊற்றும் பசைத்திரவத்தையும் பிளாஸ்டிக்குக்குப் பக்கத்தில் அவர் பயன்படுத்துவதில்லை. அது வழிந்து பட்ட இடத்தில் தகடு நொறுங்கிப்போகும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுதான் அவர் தேர்வு.

என்ன பிளாஸ்டிக் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒட்டுவேலை செய்யவும் கூடாது. தகட்டின் உள்பக்கத்தில் பெரும்பாலும் எழுத்து பொறித்திருக்கும். ஏபிஎஸ் என்றால் அதே பிளாஸ்டிக்கின் சீவல்களை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி ஒட்டலாம், உருகி ஒன்றாகிவிடும். பிபி என்று இருந்தால் எந்தப் பசையும் நெடுநாள் பிடிக்காது. சூட்டுக்கோலால் உருக்கி, உள்ளே மெல்லிய கம்பிவலை பதித்து இணைக்க வேண்டும். ஃபைபர் கூடு என்றால் கண்ணாடியிழைப் பாயும் ரெசினும். எந்தக் கீறலுக்கும் பொதுவான முதல் வேலை ஒன்று உண்டு: கீறல் முடியும் நுனியில் ஒரு சிறு துளை போடுவது. விசை குவியும் கூர்முனை வட்டமாகிவிட்டால் கீறல் அங்கேயே நின்றுவிடும். விமானத் தகடுகளிலும் இதே முறையைக் கையாள்கிறார்கள்.

திரையின் உயரத்தைப் பற்றிக் கடைகளில் சொல்லப்படும் பேச்சு பெரும்பாலும் தவறானது. உயரமான திரை நல்லது என்பார்கள். திரையின் மேல்விளிம்பைத் தாண்டும் காற்று சுழன்று உடைகிறது. அந்தச் சுழல் தோளுக்குக் கீழே விழுந்தால் தாங்கிக்கொள்ளலாம். தலைக்கவசத்துக்கு மேலே போய்விட்டால் இன்னும் நல்லது. முகவாய்க்கும் நெற்றிக்கும் இடையில் விழுந்தால் அதைவிடத் திரை இல்லாமலே ஓட்டலாம். தலை குலுங்கும், காது இரையும், கண் தெளியாது. எந்த உயரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது ஓட்டுகிறவரின் உடம்பைப் பொறுத்தது. ஐந்தடி நான்கு அங்குலக்காரனுக்கும் ஆறடிக்காரனுக்கும் ஒரே திரை எப்படிச் சரியாகும்?

இதைக் கண்டுபிடிக்கக் காற்றுச்சுரங்கம் வேண்டாம். கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி, கூட்டின் மேலும் திரையின் ஓரத்திலும் ஒரு முனையை மட்டும் ஒட்டிவிட்டு, நேரான சாலையில் ஓட்டிப் பார்க்கலாம். இன்னொரு வண்டியின் பின்னிருக்கையிலிருந்து ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தால் போதும். நூல் படிந்து கிடக்கும் இடத்தில் காற்று ஒழுங்காக ஓடுகிறது. நூல் துள்ளி எதிர்ப்பக்கம் திரும்பும் இடத்தில் உடைகிறது. எங்கள் பையனின் வண்டியில், திரைக்குப் பின்னால் இருந்த நூல்கள் முன்னோக்கி நின்றன. திரைக்குப் பின்னே அழுத்தம் குறைந்து, காற்று அவன் முதுகுப் பக்கத்திலிருந்து திரும்பி உள்ளே இழுக்கப்படுகிறது என்று அதற்குப் பொருள். திரைக்கும் கூட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு, திரையைச் சிறு காலர்கள் வைத்து உயர்த்தியதும் கீழிருந்து புகுந்த காற்று அந்த வெற்றிடத்தை நிரப்பியது. குலுக்கல் பெருமளவு அடங்கியது. திரையின் உச்சியில் ஒரு துண்டை அறுத்தும் எடுத்தார்கள். அதற்குக் காரணம் மழை. துடைப்பான் இல்லாத நனைந்த பிளாஸ்டிக்கின் வழியாக இரவுச் சாலையைப் பார்த்து ஓட்டுவது ஆபத்து. நம் ஊரில் திரைக்கு மேலாகத்தான் பார்வை போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

வெப்பம் இன்னொரு பிரச்சினை. குளிர்நாட்டுக்காரனுக்கு ஃபேரிங் கதகதப்பைத் தரும். நமக்கோ அந்தச் சூடு முழங்காலில் வந்து விழும். ரேடியேட்டருக்கு முன்னால் காற்று நுழையும் வழியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பின்னால் வெளியேறும் வழியை மறந்து பக்கத் தகடுகளால் அடைக்கிறார்கள். போக வழியில்லாத காற்று உள்ளேயும் வராது. பக்கத் தகட்டின் பின்விளிம்பை வெளிப்புறமாக ஒரு விரல் விலக்கி நிறுத்தினாலே சூட்டுக்காற்று காலைத் தாண்டிப் போய்விடும்.

பக்கக்காற்றைப் பற்றிச் சொல்லாமல் பினாங்கில் ஃபேரிங் பேச முடியாது. முதல் பாலம் 13.5 கிலோமீட்டர். 2014-இல் திறந்த இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். அதில் மோட்டார்சைக்கிள்களுக்கென்று இரு பக்கமும் தனித்தடம் உண்டு. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து மோட்டார்சைக்கிள்களுக்கு இந்தப் பாலங்களில் கட்டணமும் இல்லை. ஆனால் காற்று இருக்கிறது. சுமத்ரா பக்கமிருந்து நீரிணையைத் தாண்டி விடியுமுன் வரும் சூறைக்காற்று வரிசை, முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களைத்தான் முதலில் பிடிக்கிறது. பக்கவாட்டில் அகன்ற தகடு உள்ள வண்டியை அது ஒரு தடம் தள்ளி வைக்கும். தகட்டின் பரப்பு வண்டியின் எடை மையத்துக்கு முன்னால் கூடுதலாக இருந்தால், காற்று முன்சக்கரத்தைக் காற்று போகும் திசைக்கே திருப்பப் பார்க்கும். ஹேண்டிலில் பூட்டிய ஃபேரிங் என்றால் அந்த உதை நேராகக் கைக்கு வரும். ஃபிரேமின் கழுத்தில் பூட்டியது என்றால் வண்டியின் உடம்பு வாங்கிக்கொள்ளும்.

பந்தய உலகம் இதை விலை கொடுத்துக் கற்றது. 1950களின் தொடக்கத்தில் இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி தன் தொழிற்சாலையிலேயே காற்றுச்சுரங்கம் கட்டி, முன்சக்கரத்தையும் முழுக்க மூடும் கூடுகளைச் செய்தது. நேர்ப்பாதையில் அவை பறந்தன. பக்கக்காற்றில் அடங்கவில்லை. 1957 பருவம் முடிந்ததும் உலக மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு அவற்றைத் தடைசெய்தது. அதன் பிறகு முன்சக்கரத்தைத் திறந்துவிட்ட ஃபேரிங்தான் வழக்கமாயிற்று. பிஎம்டபிள்யூ 1976-இல் ஆர்100ஆர்எஸ் வண்டியைக் காற்றுச்சுரங்கத்தில் செதுக்கிய முழு ஃபேரிங்குடன், அதை ஃபிரேமிலேயே பூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் எங்கள் பட்டறைக்கு உண்மையான முன்னோடி அமெரிக்காவின் கிரெய்க் வெட்டர். 1970களில் அவர் விற்ற விண்ட்ஜாமர் என்ற ஃபேரிங் பல நிறுவனங்களின் வண்டிகளிலும் ஏறியது. கூடு ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக அளந்து செய்த பிராக்கெட்டுகளை அவர் விற்றார். வண்டியைத் தயாரித்தவர்களிலேயே பெரும்பாலோர் ஃபேரிங்கைப் பற்றி யோசிக்காத காலத்தில், தொடும் இடங்களைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர் அவர். அவருடைய கூட்டைவிட அந்த பிராக்கெட்டுகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். இன்று இணையக் கடையில் பெட்டி வாங்குகிற நம் பையனுக்குக் கிடைக்காமல் போனது அதுதான். அவர் பிராக்கெட்டில் செய்ததை இங்கே ஒரு பட்டறைக்காரர் அரத்தாலும் பழைய ரப்பராலும் செய்துகொடுக்கிறார். அதற்குக் கூலியாக அவர் வாங்குவது பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்கு.

முகவிளக்கின் விஷயத்தில் பையனுக்கு மனம் சுணங்கியது. அதுவரை விளக்கு ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பியது. ஃபிரேமில் பூட்டிய கூட்டுக்குள் போன பிறகு வண்டியின் மூக்கு பார்க்கும் திசையை மட்டும்தான் அது பார்க்கும். செம்பனைக்குள் போகும் இருட்டுச் சாலையில், மெதுவாகத் திரும்பும் வளைவில், வெளிச்சம் திரும்பும் பக்கம் விழாது. இதற்குத் தீர்வு கிடையாது. பழக வேண்டும், வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும். விளக்கின் சாய்வை மட்டும் சுவரில் கோடு போட்டு, ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் சரிசெய்தார் அந்தப் பட்டறைக்காரர். எதிரே வருகிறவரின் கண் கூசக் கூடாது என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. விளக்குக்குப் போகும் ஒயர்கள் பிராக்கெட்டின் விளிம்பில் உரசும் இடத்தில் ரப்பர்க் குழாய் செருகி, ஹேண்டில் இரு கோடிக்கும் போகும் அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டினார்.

வண்ணம் கடைசியில் வந்தது. அலங்காரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாளெல்லாம் ஒரே நிற உடுப்பில், ஒரே நிறச் சுவருக்குள் நிற்கும் பையன், தன் கையில் உள்ள ஒரு பொருளாவது தனக்குப் பிடித்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புவதில் நியாயம் இருக்கிறது. கருநீலம் அடித்து, ஓரத்தில் மெல்லிய பொன்கோடு இழுத்தான். நன்றாகவே இருந்தது. அடியில் துளைகள் சரியாக இருந்ததால் அந்தக் கோடு எங்கும் உடையாமல் நேராக ஓடியது.

கவர்செட்டும் ஃபேரிங்கும் வார்த்து விற்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டிக்குள் ஆறு ரப்பர் புஷ், ஆறு காலர், துளைகளின் அளவு குறித்த ஒரு வரைபடம், இறுக்கும் வரிசை எழுதிய ஒரு தாள், இவ்வளவையும் வையுங்கள். எந்தெந்த வண்டிக்கு அளந்து பார்த்தீர்கள் என்பதையும் மேலே எழுதுங்கள். வாங்குகிற தம்பிகளுக்கும் ஒரு சொல்: பெட்டியைப் பிரித்ததும் முதலில் காலரைத் தேடுங்கள். இல்லையென்றால் பட்டறையில் கேட்டு வாங்கிப் போட்ட பிறகு சாலையில் இறங்குங்கள். முதல் வாரம் ஓட்டியதும் ஒவ்வொரு போல்ட்டையும் ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். பாலத்தில் ஏறுவதற்கு முன்.